இரண்டுக்கு அடுத்து இருபத்தேழு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் குடியிருப்புப் பொறுப்பாளர்களுக்கு,

உங்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க மேடம், பிள்ளைங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார்கள். ஊக்கம் வேண்டுமென்றால் டீ குடியுங்கள். நான் எழுதப்போவது நான் செய்த தப்புகளை. அதுவும் கேட்டார்கள் என்பதற்காக அல்ல. போன மாதம் வந்த ஒரு போனுக்காக.

நான் கடைசியாக வேலை பார்த்த விருத்தாசலம் குடியிருப்புக்கு உங்களில் ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் கூப்பிட்டார்.

"மேடம், கீழ்த்தளத்துல ரெண்டாம் நம்பர் வீட்டுக்கு அடுத்து இருபத்தேழுன்னு ஒட்டியிருக்குது. அப்பறம் நாலு. எவன் மேடம் இப்பிடி ஒட்டுனது?"

"நான்தான் தம்பி ஒட்டுனேன்."

"வரிசையா மாத்திடலாம்னு இருக்கேன் மேடம்" என்றார்.

"கை வெக்காத. எழுதறேன். படிச்சிட்டு அப்பறம் வெய்யி" என்றேன்.

எழுதிவிட்டேன். அவர் மட்டுமல்ல, எல்லோரும் படியுங்கள்.

நம் வேலை என்னவென்று உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். சிரிப்பு வந்தது. யார் குடியிருக்கிறார்கள், யார் காலி செய்தார்கள், மோட்டார் ஏன் ஓடவில்லை, யார் வீட்டுச் சாக்கடை யார் வீட்டு வாசலில் நிற்கிறது, இவ்வளவுதான் வேலை. மிச்ச நேரம் திட்டு வாங்க வேண்டும். முதல் வருடம் நான் திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருடம் திருப்பித் திட்டக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை சுலபமாகிவிட்டது.

அந்தக் குடியிருப்பு தரைத்தளமும் மேலே மூன்று மாடியும். தளத்துக்கு எட்டு வீடு, மொத்தம் முப்பத்திரண்டு. கீழே ஒன்று முதல் எட்டு வரை. மூன்றாம் மாடியில் இருபத்தைந்து முதல் முப்பத்திரண்டு வரை. லிஃப்ட் கிடையாது. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களைக் காலி செய்து இங்கே கொண்டுவந்தோம். பெரும்பாலும் பீங்கான் கம்பெனிகளில் கூலி வேலை செய்கிறவர்கள். காலை எட்டரைக்கு மேல் போனால் மொத்தக் கட்டடத்திலும் ஆளிருக்காது. கொடியில் துணிதான் இருக்கும்.

யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தோம். ஒரு எவர்சில்வர் குடம், முப்பத்திரண்டு சீட்டு. அவரவர் சீட்டை அவரவரே எடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்தது நான்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நாளைக்கு யாரும் என்மேல் பழி சொல்ல முடியாதே. நன்றாகக் கவனியுங்கள்: என் கவலை குடிவருகிறவர்களைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. முதல் தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்தோணிசாமி என்பவர் குடத்தில் கையை விட்டு இருபத்தேழை எடுத்தார். மூன்றாம் மாடி. பீங்கான் கம்பெனியில் மண்ணரைக்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் நின்ற மனிதர். நெஞ்சு முழுக்கத் தூசி. நான்கு வார்த்தை பேசினால் நின்று மூச்சு வாங்குவார். சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார்.

"பரலோகத்துக்கு இன்னும்... மூணு மாடிதான் பாக்கின்னு... ஆண்டவரே எடுத்துக் குடுத்துருக்காரு மேடம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி ஆரோக்கியமேரி சிரிக்கவில்லை. "கீழ ஒண்ணு மாத்திக் குடுங்க மேடம். இவரால ஏற முடியாது. டாக்டரு சீட்டு இருக்குது, காட்டட்டுமா?"

"ஒங்க வூட்டுக்காரரு கைதானம்மா எடுத்துச்சு" என்றேன்.

முப்பது வருட வேலையில் எத்தனையோ கெட்ட வார்த்தை பேசியிருக்கிறேன். அதில் எதற்காகவும் வருத்தப்பட்டதில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். கெட்ட வார்த்தையே இல்லாமல் ஒருத்தரைச் செருப்பால் அடிப்பது எப்படி என்று தெரியவேண்டுமென்றால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கீழே மூன்றாம் எண் வீடு வசந்தாவுக்கு விழுந்தது. அவளும் பீங்கான் கம்பெனிதான். பொம்மைக்கும் கப்புக்கும் வண்ணம் தீட்டி, சூளையில் அடுக்கும் வேலை. புருஷன் ஓடிப்போய்விட்டான். மேல்நிலைப் பள்ளியில் படிக்கிற இரண்டு பெண்கள். அவள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே சிமெண்டுக் கட்டை ஒன்று இருந்தது. கட்டடத்தில் வேலையில்லாத ஆம்பிளைகள் அத்தனை பேரும் அதில் உட்கார்ந்துதான் சீட்டாடுவார்கள்.

"சன்னல தெறந்தா சீட்டுக்கட்டு, மூடுனா புழுக்கம். எம் பொண்ணுங்க தலை சீவுறதுக்குக்கூட கதவ சாத்தணும். எனக்கு மேல குடுங்க மேடம், மொட்டமாடியில குடுத்தாக்கூட போயிடறேன்" என்பாள்.

ஒருத்தருக்குக் கீழே வேண்டும், ஒருத்தருக்கு மேலே வேண்டும். மூன்றுக்கு நேர் மேலே இருபத்தேழு. இதைவிடப் பொருத்தமான இடமாற்றம் உலகத்தில் உண்டா? ஆனால் ஒதுக்கீடு செய்த வீட்டைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்ள விதியில் இடமில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதிலில்லை. நினைவூட்டல் எழுதினேன். அதற்கும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவர்களாகவே மாற்றிக்கொண்டார்கள். கட்டில் மேலே போனது, பீரோ கீழே வந்தது. நடுப்படியில் இரண்டும் முட்டிக்கொண்டு, பாதிக் கட்டடம் வந்து கத்தி வழிவிட்டது. நான் மோட்டார் அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்காமல் இருந்தேன். நம் வேலையில் இது ஒரு திறமை. அதிலும் நான் பாதிதான் தேறினேன் என்பது பிறகு தெரிந்தது.

ஒரு வருடம் நன்றாகப் போயிற்று. அந்தோணிசாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சீட்டாடுகிறவர்களுக்குத் தப்புத் தப்பாக யோசனை சொல்லி அவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். வசந்தாவின் பெண்கள் மேலே ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்தார்கள்.

அப்போது குடியிருப்போர் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. வீட்டுக்கு ஒரு வரி. ஆறாவது கட்டம், 'குடியிருப்பவர் ஒதுக்கீடு பெற்றவர்தானா?' கடைசிக் கட்டம், 'குறிப்பு.' நான் நேர்மையானவள் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. மூன்றுக்கு நேராக 'இல்லை, வேறு நபர்' என்று எழுதினேன். இருபத்தேழுக்கும் அப்படியே. குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். படிவம் பார்க்கச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதுவரை நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் வாய் திறக்காத ஆபீஸ், இதற்குப் பத்தே நாளில் பதில் போட்டது. இரண்டு வீட்டிலும் அனுமதியற்ற நபர்கள் குடியிருப்பதால், அடுத்த வாரம் அதிகாரி நேரில் ஆய்வு செய்வார். உறுதியானால் இரண்டு ஒதுக்கீடும் ரத்து, வீடுகள் பூட்டி முத்திரையிடப்படும். இரண்டு குடும்பமும் தெருவுக்கு. ஏரிக்கரைக்கும் திரும்ப முடியாது, அங்கே வேலி போட்டாயிற்று.

கடலூர் ஆபீஸில் எனக்கு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், வேண்டாம். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆனால் கோப்பு படிப்பதில் எமகாதகர். அவருக்குப் போன் போட்டேன்.

"என்னாம்மா எழுதித் தொலச்ச?" என்றார் எடுத்தவுடன்.

"உண்மையைத்தான் சார் எழுதினேன்."

"பாதி உண்மையை எழுதியிருக்க. மீதி உண்மை எங்க? குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதே, அது எதுக்கு, பேன் குத்துறதுக்கா?"

கோப்பை இழுத்து முன்னால் வைத்தேன்.

"ஒதுக்கீட்டு உத்தரவ எடு. அந்தோணிசாமியோடது. வாய் விட்டுப் படி."

படித்தேன். பெயர், தகப்பனார் பெயர், குடியிருப்பின் பெயர், கதவு எண் 27.

"எந்தத் தளம்னு போட்டிருக்குதா?"

"இல்ல சார்."

"அவ்ளோதான். போன வையி" என்று அவரே வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆய்வு நாளன்று மட்டும் பழையபடி மாறி இருந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அந்தோணிசாமி வீட்டுக்குப் போனேன். வசந்தாவையும் கீழே வரச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு ஒண்டி அவரு மேல இருந்தாப் போதும்" என்றேன்.

"மேல போறதுக்கு நாங்க நாலு பேரு தூக்கிக்கிறோம். எறங்கி வர்றதுக்கு ஃபாதரக் கூப்புடவா?" என்றாள் வசந்தா.

அந்தோணிசாமிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்கவே வெகு நேரம் ஆயிற்று. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நான் போனில் நடந்ததைச் சொன்னேன். உத்தரவில் கதவு எண் மட்டும்தான் இருக்கிறதாம், தளம் இல்லையாம், அதற்கு என்ன அர்த்தமோ என்றேன்.

வசந்தா என்னையே பார்த்தாள். "நம்பரு எங்க மேடம் எழுதியிருக்குது?"

"கதவுக்குப் பக்கத்துல, செவுத்துல."

"பெயிண்டுதான?"

"பெயிண்டுதான்."

"அப்ப ஆளு ஏன் மேடம் மாடி ஏறணும்? நம்பரு எறங்கி வரட்டுமே."

என் சர்வீஸ் முழுக்க யாரும் என்னை இவ்வளவு முட்டாளாக்கியதில்லை.

மறுநாளே வசந்தா கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளை டைல்ஸில் முப்பத்திரண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். நீல வண்ணத்தில் எண் எழுதி, மறுபடி சூளையில் வைத்துச் சுட்டாள். இரண்டு வீட்டுக்கு மட்டும் மாட்டினால் கண்ணில் குத்தும் என்று எல்லா வீட்டுக்கும். நான் 'பராமரிப்பு' என்று எழுதி வைத்துவிட்டு, பழைய பெயிண்டு எண்கள் மறைய வெள்ளையடிக்க ஆள் விட்டேன். கீழே மூன்றாவது கதவில் 27. மூன்றாம் மாடியில் மூன்றாவது கதவில் 3.

இதில் ஒரு கூத்து. எட்டாம் எண் வீட்டுக்காரர் வந்து, "எட்டு எனக்கு ராசியில்லம்மா, எப்பிடியும் மாத்துறீங்க, எனக்கு ஒம்போதா போட்டுடு" என்றார் வசந்தாவிடம்.

"பக்கத்துல போறவங்க பொண்டாட்டி ராசியா இருக்குதுன்னா அதயும் மாத்திக் கேப்பியா? போய்யா" என்றாள். அவர் மனைவி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அதோடு ராசி பேச்சு கட்டடத்தில் அடங்கிப் போயிற்று.

ஆய்வுக்கு முந்தின நாள் மாலைதான் டைல்ஸ் ஆறி வந்தது. வெள்ளைச் சிமெண்ட் வைத்து ஒட்டினோம். மறுநாள் காலை அதிகாரி வந்துவிட்டார்.

"ரெண்டுக்கு அடுத்து எப்பிடிங்க இருபத்தேழு?" என்றார்.

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பதிலுக்கு வேலை வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தோணிசாமிதான் சொன்னார். "குலுக்கல்ல... வுழுந்துச்சிங்க சார்."

அது சத்தியமான உண்மை. அதிகாரி உத்தரவைப் பார்த்தார், ஆதார் அட்டையைப் பார்த்தார், டைல்ஸைப் பார்த்தார். அதன் ஓரத்தில் விரலை வைத்தார். ஈரச் சிமெண்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலைப் பார்த்தார், அந்தோணிசாமியின் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மூன்றாம் எண்ணைப் பார்க்க மாடி ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது அவரே வசந்தாவிடம் தண்ணீர் கேட்டு, அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். 'ஆவணப்படி சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இது மோசடி இல்லையா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மோசடிதான். அதற்காக நான் தூக்கம் கெட்டதில்லை. தூக்கம் கெட்டது வேறொன்றுக்காக.

இங்கே கதையை முடித்திருந்தால் பயிற்சிக்காரர்கள் கேட்ட ஊக்கம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். நானும் அப்படித்தான் முடிந்துவிட்டதாக நினைத்தேன். கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தேன். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், பெயர் சொல்லாமல், சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். நான் கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே பிளம்பரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ரோட்டில் போகிறது என்று நினைத்தேன். சத்தம் நம் வாசலில் வந்து நின்றது. சரி, ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சண்டையை முடித்துவிட்டுத்தான் முன்பக்கம் வந்தேன்.

ஆம்புலன்ஸ் அந்தோணிசாமி வீட்டு ஜன்னலுக்கு நேராக நின்றது. பத்தடி தூரம். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை. சீட்டாடும் கட்டையிலும் அன்றைக்கென்று ஆளில்லை. ஜன்னலுக்குள் ஆரோக்கியமேரியின் முகம். புருஷனைத் தன் நெஞ்சில் சாய்த்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. விட்டுவிட்டு எழுந்து வந்தால் அவர் சரிந்துவிடுவார். அவளால் கத்தவும் முடியவில்லை, கத்தினால் அவர் பயப்படுகிறார்.

"வண்டி வந்துடுச்சி மேடம்" என்றாள். "ஆளுங்கதான் வரல."

மேலே எங்கோ கதவை இடிக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவள் போனில் கதவு எண் இருபத்தேழு என்று சொல்லியிருக்கிறாள். உத்தரவில் அதுதான், ஆதாரில் அதுதான், அவள் வேறென்ன சொல்வாள்? வந்தவர்கள் படிக்கட்டருகே இருந்த பழைய பலகையைப் பார்த்திருக்கிறார்கள். '25 முதல் 32 வரை மூன்றாம் மாடி.' என் கையால் நான் எழுதி மாட்டிய பலகை. அதை மாற்ற எனக்குத் தோன்றவேயில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இருபத்தைந்து, இருபத்தாறு, மூன்று, இருபத்தெட்டு. ஒன்றும் புரியாமல் பூட்டிக்கிடந்த வசந்தா வீட்டுக் கதவை இடிக்கிறார்கள்.

படியில் நின்று கத்தினேன். என் வாழ்க்கையில் வாய் பெரிதாக இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான் உபயோகப்பட்டது. இறங்கி வந்தார்கள், தூக்கினார்கள், போனார்கள். எத்தனை நிமிடம் வீணாயிற்று என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. பயம்தான் காரணம்.

மாலையில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். உயிர் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார்கள். வெளியே பெஞ்சில் ஆரோக்கியமேரி இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"நம்பர மாத்தத் தெரிஞ்சுது. அத வழியில வர்றவனுக்குச் சொல்லணும்னு தெரியலையா ஒங்களுக்கு?"

அவ்வளவுதான். அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. நான் இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அதிகாரியின் கண்ணுக்காக ஒரு வேலை செய்தேன், அது அதிகாரியின் கண்ணுக்கு மட்டுமே பொருந்துகிற வேலையாக முடிந்தது. அந்த வீட்டுக்கு வேறு யாரெல்லாம் வருவார்கள் என்று நினைக்கவில்லை. குலுக்கல் நாளில் செய்த அதே தப்பு. என்மேல் பழி வரவில்லை, ஆகவே எல்லாம் சரி.

மறுநாள் வேலை முடிந்து வந்த வசந்தாவைப் படிக்கட்டில் நிறுத்தினேன்.

"வழி எழுதி வெக்கணும். கேட்டுலயும் படிக்கட்டுலயும். இருபத்தேழு கீழன்னு அம்பு போட்டு."

அவள் பையைக் கீழே வைத்தாள். "ஆம்புலன்ஸ்காரனுக்குத் தெரியற மாதிரி எழுதுனா ஆபீஸ்காரனுக்கும் தெரியும் மேடம். நம்பர மாத்துனோம்னு நாமளே போர்டு வெச்ச மாதிரி."

"தெரியும்."

"வூட்டப் பூட்டிட்டாங்கன்னா? பெரியவளுக்கு மார்ச்சுல பரீட்ச."

"அதனாலதான் ஒன்னக் கேக்குறேன். ஒன் வூடும்தான் போவும். வேணான்னு சொன்னா வெக்கல."

எனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. அதைச் சொல்லவில்லை. அவளிடம் இழக்க இருந்ததற்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அவள் அந்தோணிசாமி வீட்டுப் பூட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தூக்கித் தோளில் மாட்டினாள்.

"எவ்ளோ பெரிசு வேணும்?" என்றாள்.

"ஓடி வர்றவன் கண்ணுல படணும். செவப்புல போடு."

"எங்க சூளையில செவப்பு நிக்காது மேடம். நீலந்தான். நீலத்துலயே பெரிசாப் போட்டுடறேன்."

ஆறாறு டைல்ஸைச் சேர்த்து இரண்டு பலகை செய்தாள். '27, கீழ்த்தளம், மூன்றாவது கதவு.' அதன் கீழே கை தடிமனுக்கு ஒரு அம்புக்குறி. ஒன்று கேட்டில், ஒன்று படிக்கட்டில். அந்தோணிசாமி ஆக்சிஜன் சிலிண்டரோடு வீடு திரும்பிய நாளில் ஒட்டி முடித்திருந்தோம். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் அதைப் படித்தார்.

"அம்பு போட்டு... வழி காட்டுறாங்க. எமனுக்கும் இனிமே... அட்ரஸு தேட வேணாம்" என்றார்.

ஆரோக்கியமேரி அவரை ஒரு அதட்டு அதட்டி உள்ளே கூட்டிப்போனாள். என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஈரத்துணியோடு வெளியே வந்து, பலகையில் வழிந்திருந்த சிமெண்டைத் துடைத்துவிட்டுப் போனாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வசந்தா சொன்னபடியே ஆயிற்று. அடுத்த ஆய்வுக்கு வேறொரு அதிகாரி வந்தார். கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"வழி சார்."

"எனக்கு வழி தெரியாதா?"

"ஒங்களுக்கு இல்ல சார். ஆம்புலன்ஸுக்கு."

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. கதவு எண்களைத் தன்னிச்சையாக மாற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கண்காணிப்பாளருக்குப் போன் போட்டேன்.

"இப்ப என்ன சார் எழுதறது?"

"இப்பவாச்சும் குறிப்புல எழுது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எடம் பத்தலன்னா தனித்தாள் இணைச்சிக்க."

ஏழு தனித்தாள் இணைத்தேன். குலுக்கல் நாளில் ஆரோக்கியமேரியிடம் நான் சொன்ன வாக்கியம், பதில் வராத இரண்டு கடிதம், டாக்டர் சீட்டு, டைல்ஸ், என் பழைய பலகை, பத்தடி தூரத்தில் காலியாக நின்ற ஆம்புலன்ஸ், ஒன்றையும் விடவில்லை. எண் மாற்றியது நான், குடியிருப்பவர்கள் இல்லை என்றும் எழுதினேன். எனக்குக் கண்டனம் என்று பணிப்பதிவேட்டில் ஏற்றினார்கள். ஏற்றட்டும். இரண்டு வீட்டையும் மருத்துவக் காரணத்துக்காக முறைப்படி மாற்றித் தரும் கோரிக்கை 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வந்தது. பரிசீலனையில் இருக்கும் வரை யாரும் வீட்டைப் பூட்ட முடியாது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அது பரிசீலனையில்தான் இருக்கிறது.

அந்தக் கோப்பு மோட்டார் அறை அலமாரியில், மேல் தட்டில், இடது மூலையில் இருக்கிறது. போன் செய்த தம்பி, இனி அது உங்கள் கோப்பு. உங்களுக்கும் கணக்கெடுப்புப் படிவம் வரும். ஆறாவது கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

எண்களை வரிசைப்படுத்த வேண்டும் என்று கை அரித்தால் ஒன்று செய்யுங்கள். டைல்ஸைப் பெயர்க்க ஆள் கூப்பிடுவதற்கு முன்னால் கீழ்த்தளத்தில் அந்த மூன்றாவது கதவைத் தட்டுங்கள். ஆரோக்கியமேரி வேலைக்குப் போயிருப்பாள். அவர்தான் திறக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழுந்து, சிலிண்டரை இழுத்துக்கொண்டு, நடுவில் ஒரு தரம் நின்றுதான் வருவார்.

இரண்டாம் தரம் தட்டாதீர்கள். தட்டிவிட்டு நில்லுங்கள்.